கப்பி சார்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய சாமான் ஒன்றை வாங்கி வாசலில் போட்டுவிட்டு, அதில் இல்லாத ஓர் உறுப்பைத் தேடியே மிச்ச ஆயுளைக் கழிப்பார். ஒருவர் கிராமபோனுக்கு முள் தேடுவார். ஒருவர் லாம்ப்ரட்டா ஸ்கூட்டருக்குக் கிளட்ச் கேபிள் தேடுவார். எங்கள் தெருக்காரர் தேடியது பாய் ஏற்றுகிற கப்பி. அதனால் அவர் கப்பி சார்.

எங்கள் தெரு நாகர்கோவில் வடசேரியில். இங்கிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். ஆனாலும் அவர் வீட்டுத் தென்னைமூட்டில் இருபதடி நீளத்தில் ஒரு வள்ளம் கிடந்தது. அயனித் தடி ஒன்றையே குடைந்து செய்தது. தேங்காப்பட்டணம் பக்கம் கதம்பை ஏற்றிக்கொண்டிருந்த வள்ளமாம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தண்ணீரால் இணைத்துவிடலாம் என்று திருவிதாங்கூர் ராஜா காலத்தில், 1860-ல், ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். அது பூவாறிலிருந்து மண்டைக்காடு வரை வந்து, அதற்குமேல் நகரவில்லை. பிறகு கால்வாயும் தூர்ந்தது, வள்ளங்களும் கரையேறின. அப்படிக் கரையேறிய ஒன்றைத்தான் சார் மினிலாரியில் கொண்டுவந்தார். "சாரே, வெறவுக்கா?" என்று டிரைவர் கேட்டாராம். அவருக்கு வாடகையில் நூறு ரூபாய் குறைந்தது.

வினை அமெரிக்காவிலிருந்து வந்தது. மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பழைய மரத்தோணி ஒன்றுக்கு ஒரு வெள்ளைக்காரர் பாய் பொருத்துகிறார். பக்கத்திலுள்ள பெட்டிக்குள் பித்தளை வளையம், கொளுக்கி, கப்பி எல்லாம் நகைக்கடையில்போல மின்னுகின்றன. அன்று இரவு சார் தூங்கவில்லை. மறுநாள் காலை கேட்டைத் திறந்தபடியே என்னிடம் சொன்னார்: "ஓய், 1865-ல ஜான் மக்ரகர்னு ஒருத்தன் ராப் ராய்னு ஒரு குட்டித்தோணி செய்து, அதுல பாயைக் கட்டிக்கிட்டு ஐரோப்பா ஆறெல்லாம் சுத்தியிருக்கான். பதினஞ்சடிதான் இருக்கும். நம்ம அயனிக்கு என்னவே குறை?"

குறை ஒன்றுமில்லை. உருப்படிகள்தான் இல்லை. அவற்றைத் தேடும் படலத்தில் பின்சீட்டில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

முதலில் கோட்டாற்றில் ஒரு இரும்புக்கடை.

"கப்பி இருக்கா?"

"ஒரு லோடா, ரெண்டு லோடா?"

"லோடா? எனக்கு ரெண்டெண்ணம் போதும்."

கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ரோட்டுக்குப் போடுகிற கப்பியில் இரண்டே இரண்டு கல் வாங்க வந்தவர்களை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்தது ஆக்கர்க் கடை. உடைந்த தையல் மெஷின், நசுங்கிய குத்துப்போணி இவற்றுக்கு நடுவே சார் இறங்கிவிட்டால், புதையல் எடுக்கப்போன மந்திரவாதி தோற்றுப்போவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம். கைப்பையில் வெர்னியர் காலிப்பர். போல்ட்டைக் கையில் எடுத்ததும் காந்தத்தை வைப்பார். ஒட்டினால் தூர எறிவார். ஒட்டாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "முந்நூத்திப் பதினாறு" என்பார்.

இதற்கு ஒரு விளக்கவுரையும் உண்டு. 304 எஃகு வீட்டுச் சமையலறைக்குச் சரி. உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடலோரத்தில் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். பித்தளையா? அதிலுள்ள துத்தநாகத்தை உப்புத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, செம்பை மட்டும் பஞ்சுமாதிரி விட்டுவைக்கும். எல்லாம் சத்தியம். சின்ன இடைஞ்சல், 304-ம் காந்தத்தில் ஒட்டாது, 316-ம் ஒட்டாது. இதை ஒரு கடைப்பையன் சொன்னபோது சார் அவனை இரக்கத்துடன் பார்த்தார். "அதுக்குக் கை பழகணும் மக்கா."

வடசேரியில் பரதநாட்டியத்துக்கும் கோயிலுக்கும் நகை செய்கிறவர்கள் பேர்போனவர்கள். அவர்களில் ஒருவரிடமும் போனோம். பாயைப் பாய்மரத்தோடு கோக்க எட்டு வளையம் வேண்டும் என்று சார் படம் வரைந்து காட்டினார். அவர் வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெம்புக்கல்லு வைக்கணுமா சார்?" என்று கேட்டார். சார் ஒரு நிமிடம் யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையே சாருடைய வீட்டில் கிணற்றுக் கப்பி காணாமல் போனது. அக்கா திண்ணையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "வள்ளத்துல பாய் ஏறுமோ என்னமோ, வீட்டுல தண்ணி ஏறல்ல."

ஒரு நாள் முட்டத்துக்குப் போனோம். அங்கே சார் படகைப் பார்க்கவில்லை, வரலாறு சொன்னார். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பெரிய தடி கிடைப்பது அருகிவந்த காலம். கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு, ஐரோப்பாவிலிருந்து வந்த பியர் கில்லே இங்கே ஒட்டுப்பலகையில் சின்னப் படகு கட்டிப் பார்த்தார். பட்ட பாட்டையெல்லாம் 1985-ல் ஒரு புத்தகமாக எழுதினார். தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னதுதான் கஷ்டம். "என்ன தலைப்புவே!" என்று சார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அப்போது அவர் கையில் இருந்தது, மூன்று வாரம் அலைந்து கிடைத்த அரை அங்குலக் கொளுக்கி.

ஆறு மாதத்தில் ஒரு சிமெண்டுச் சாக்கு நிறைந்தது. சுக்கானுக்குக் கீல் நான்கு. கயிறு சுற்றும் கொம்பு ஆறு. காது போல்ட்டு பதினாறு. ஒன்றின் மரை மற்றொன்றின் நட்டுக்குச் சேராது. பொருத்த ஆசாரி வந்தார். வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விளிம்பை விரல் கணுவால் தட்டிக் கேட்டார். சார் சாக்பீஸால் போட்டுவைத்திருந்த பதினாறு புள்ளிகளையும் எண்ணினார்.

"இது வள்ளமா சாரே, இல்ல காதுகுத்துக்கு வந்த பிள்ளையா? நாப்பது வருசம் காஞ்ச தடியாக்கும். இத்தனை ஓட்டை போட்டா பொளந்துரும். நான் தொடமாட்டேன்."

உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "மணக்குடில ஒரு பாட்டா உண்டு. பாய் ஓட்டின ஆளு. ஒரு எட்டு பாத்துக்கிடுங்க."

பாட்டாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பழையாறு கடலில் சேரும் காயல்கரையில், பேரனுடைய பைபர் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். சார் சாக்கைக் கவிழ்த்தார். கலகலவென்று விழுந்ததைப் பாட்டா ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு?"

"பாய் கட்ட."

பாட்டா சிரிக்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்து மணலில் போட்டார். பாயைத் தூக்குகிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையிலிருந்து வந்து கையில் பிடிக்கிறது தாமான். பாயைத் தாங்குகிற நீளக்கழி பருமல். பாயின் முன்மூலை கோசு. "கப்பி எதுக்கு? கம்பு உச்சில ஒரு ஓட்டை. அதுல ஆஞ்சான் போவும். சாளை எண்ணெ தேச்சா வழுக்கிக்கிட்டு ஏறும். பின்னால துடுப்பை ஊனிப் பிடிச்சா அதுதான் சுக்கான்."

"தாமானைக் கட்டிவைக்க ஒரு கொம்பாவது..."

"கட்டவே கூடாது சாரே. கையிலதான் இருக்கணும். திடீர்னு காத்து அடிச்சா அந்த நிமிசமே விட்டுரணும். விட்டா பாய் படபடன்னு அடிக்கும், வள்ளம் நிமிரும். போல்ட்டு போட்டு முறுக்கினா, அது விடுமா?"

கட்டுமரத்தில் ஓர் ஆணி கிடையாது. தடிகளைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போய், கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அந்தப் பேரைத்தான் வெள்ளைக்காரர் கேட்டமரான் என்று கொண்டுபோய், இரட்டைத் தோணிக்கு வைத்துக் கோடிகளில் விற்கிறார். இதை எனக்கு டீக்கடையில் நூறு தடவையாவது சொன்னவர் கப்பி சார். சொன்னவருக்கே அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். சார் வெர்னியரை உள்ளே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். ஆஞ்சான், தாமான், பருமல், கோசு என்று எழுத்துக்கூட்டி எழுதினார். சந்தேகம் கேட்டார். பாட்டா மத்தியானச் சோற்றை மறந்து பேசினார். பக்கத்தில் பேரன் செல்போனில் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பேரெல்லாம் கேட்டு ஆரும் வந்ததில்ல" என்று பாட்டா அவனைப் பார்க்காமல் சொன்னார். அவன் செல்போனைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. குங்குலியத்தை எண்ணெயில் காய்ச்சி வெடிப்புகளை அடைத்தார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியதில் வள்ளம் கருத்துப் பளபளத்தது. மூங்கிலில் பாய்மரம் வந்தது. பாய்க்குப் பருத்தித் துணிதான் வேண்டும் என்று சார் நின்றார். பேரன் வீட்டுக்குள் போய் பழைய பிளக்ஸ் ஒன்றை எடுத்துவந்து மூன்று மூலையாக வெட்டினான்.

ஒரு சனிக்கிழமை, வெயில் சாய்ந்து கடற்காற்று ஏறிய நேரம். வள்ளத்தைக் காயலில் இறக்கினார்கள். பாட்டா ஒரு கால் வைத்ததும் அது ஆடியது.

"லேசா கிடக்கு. அடியில பாரம் வேணும். மணல்மூட்டை ஏதாவது இருக்கா?"

மணல்மூட்டை இல்லை. பாட்டாவின் கண் சாரின் சாக்குமேல் விழுந்தது. இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். வள்ளத்தின் நடுவில் வைத்துக் காலால் மிதித்து அமர்த்தினார். வள்ளம் ஆடாமல் நின்றது.

"இது கொள்ளாம்" என்றார்.

ஆஞ்சான் ஏறியது. பாய் புடைத்தது. தாமானைக் கையில் பிடித்தபடி கப்பி சார் காயலின் குறுக்கே போனார். அவர் தலைக்குமேல், பாதி வெட்டுப்பட்ட இரண்டு தாய்மாமன்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே பெரிய சிவப்பு எழுத்தில் 'காதணி விழா' என்றிருந்தது. ஆசாரி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

திரும்பிக் கரையேறியதும் சார் முதலில் சாக்கைத்தான் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு போல்ட்டை எடுத்து வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீரா ஓய்? துரு இல்ல. முந்நூத்திப் பதினாறுதான் வேணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"