விற்ற வண்டி விசாரிப்பியல்: மறைமலை நகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

விற்ற வீட்டுப் பக்கம் ஆட்கள் போவது அபூர்வம். விற்ற நகையின் கதை நகைக்கடைத் தராசோடு முடிந்துவிடும். விற்ற காரை மட்டும் மனிதர்கள் விடுவதில்லை. சிக்னலில் அதே கலரில் அதே மாடல் நின்றால் குனிந்து நம்பரைப் பார்க்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் எம்பரிவாகன் செயலியைத் திறந்து பழைய நம்பரைத் தட்டுகிறார்கள். மனைவி எட்டிப் பார்த்தால் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். இப்பழக்கம் இக்கட்டுரையில் ‘விற்ற வண்டி விசாரிப்பு’, சுருக்கமாக வி.வ.வி., என வழங்கப்படும்.

2. களம்

கார்கள் பிறந்ததும் கார்க் கம்பெனிகள் கண்மூடியதும் ஒரே சாலையில் என்பதால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை களமாகக் கொள்ளப்பட்டது. பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டும் கெஸலும் செய்தது. 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரை இறக்கிப் பார்த்தது. சில ஆண்டுகளில் கதவடைத்தது. அந்த நிலத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. இன்னும் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை. 1999-இல் ஐகான், 2010-இல் ஃபிகோ, 2013-இல் எக்கோஸ்போர்ட் என்று இங்கிருந்து வரிசையாக வந்தன. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் ஆலையை விட்டு வெளியே வந்தது. ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி இயக்க விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் தெரிவித்தது.

ஆக, இந்த ஊர்க்காரர்கள் தாம் விற்ற காரை மட்டுமல்ல, அதைச் செய்த கம்பெனியையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கிறது. வி.வ.வி.க்கு இதைவிட வளமான மண் கிடைக்காது.

3. கோட்பாடு

மேலைநாட்டுக் கோட்பாடுகளை நாட வேண்டிய அவசியம் எழவில்லை. அகத்திணை மரபே அப்படியே பொருந்துகிறது. எலுமிச்சம்பழம் நசுக்கிப் புது வண்டியை முதல்முறை ஓட்டுவது குறிஞ்சி. விற்ற வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நிற்பது பாலை. ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று காத்திருப்பது முல்லை. மழையில் ஸ்கூட்டரில் நனைந்தபடி பழைய காரை நினைத்து உருகுவது நெய்தல். அதையே இன்னொருவர் சொகுசாக ஓட்டிப் போவதைப் பார்த்து மனம் கசப்பது மருதம்.

மருதத்துக்குச் சான்று ஒன்று. தகவலாளி ‘அ’, ஓய்வு பெற்றவர். பொத்தேரி சிக்னலில் தன் பழைய வெள்ளைக் காரைக் கண்டு, ஸ்கூட்டரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல தம்பி. ஏ.சி. நல்லா வருதா?”

“சூப்பரா வருது சார். கேஸ் மட்டும்தான் போட்டேன்.”

ஏ.சி. வேலை செய்யாததால்தான் தகவலாளி அந்தக் காரையே விற்றிருந்தார். பச்சை விழுந்த பிறகும் அவர் நகரவில்லை; பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் சொன்னவை இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டவை.

முழுமையாக நோக்கினால் வி.வ.வி. கைக்கிளையே. கார் தரப்பிலிருந்து எந்தப் பதிலும் இதுவரை பதிவாகவில்லை. பத்து வருஷம் கழித்தும் அதன் படத்தைப் போன் முகப்பில் வைத்திருப்போரைப் பெருந்திணையில் சேர்க்க.

4. ஆய்வு முறைகள்

முதலாவது, கண் முறை. நம் நாட்டில் பொதுவாகக் காரின் நம்பர் காரோடுதான் போகும். மாநிலத்துக்குள் உரிமையாளர் மாறினாலும் மாறாது. இத்துறை நிற்பதே இந்த ஒரு விதியின் மேல்தான். தாம்பரம் டி.என். 11, செங்கல்பட்டு டி.என். 19, மீனம்பாக்கம் டி.என். 22 என்பது இங்கே சிறுவர்களுக்கும் மனப்பாடம். நம்பர் மறந்தவர்களுக்கு உடல் அடையாளங்கள் உண்டு: இடது பின்கதவில் கேட் உரசிய கோடு, பின்கண்ணாடியில் சுரண்டியும் போகாத ‘முருகன் துணை’.

இரண்டாவது, செயலி முறை. நம்பரைத் தட்டினால் பதிவு நாள், இன்சூரன்ஸ் எதுவரை, எப்.சி. எதுவரை எல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகள் நட்சத்திரக் குறிகளாக இருக்கும். மிஞ்சிய இரண்டு மூன்று எழுத்துகளை வைத்துப் புது ஓனரின் ஊர், உத்தியோகம், ஓட்டும் லட்சணம் வரை கணித்துவிடும் வல்லுநர்கள் இவ்வட்டாரத்தில் உள்ளனர். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு எப்.சி. காட்டிப் பசுமை வரி கட்டினால் 5 ஆண்டு நீளும். நீட்டிக்காமல் தேதி பழசாகவே நின்றிருந்தால் அதை நடுகல்லாகவே வாசிக்கலாம். உடல் அநேகமாகப் புதுப்பேட்டையில் கதவு வேறு, பானெட் வேறு, பம்பர் வேறாகப் பிரிந்து, வெவ்வேறு வண்டிகளில் மறுபிறவி எடுத்திருக்கும்.

மூன்றாவது, வாய்மொழி முறை. மெக்கானிக்குகளே இதன் ஆவணக் காப்பகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மூழ்கிய வண்டிகளில் எது டோட்டல் லாஸ் ஆனது, எது சீட் மாற்றி மறுபடி ரோட்டுக்கு வந்தது என்பது எந்தச் செயலியையும்விட அவர்களுக்கே துல்லியமாகத் தெரியும்.

நான்காவது, தானாக வரும் முறை. தகவலாளி ‘ஆ’, காட்டாங்கொளத்தூர்க்காரர். ஃபாஸ்டேக்கை மூடாமலே காரை விற்றிருந்தார். பொங்கலுக்கு முந்தின ராத்திரி அவர் போனில் வரிசையாகச் சுங்கச்சாவடிச் செய்திகள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி. “நம்ம வண்டி நம்ம ஊர்ப் பக்கம்தான் போகுது” என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னார். காலையில் ஃபாஸ்டேக் கணக்கில் மிச்சம் இருந்ததைப் பார்த்தபின் அந்த மகிழ்ச்சியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

என்.ஓ.சி. வாங்கிக் கேரளாவுக்கோ புதுச்சேரிக்கோ போன வண்டி அங்கே புது நம்பர் பெற்றுவிடும். அத்துடன் நான்கு முறைகளும் கையை விரிக்கும்.

5. ஒப்பீடு

வி.வ.வி. மறைமலை நகருக்கு மட்டும் உரியதன்று. தன் முதல் காரான மாருதி 800 இப்போது யாரிடம் இருக்கிறதோ, அது திரும்பக் கிடைத்தால் தேவலை என்று சச்சின் டெண்டுல்கர் 2020-இல் வெளிப்படையாகவே கேட்டார். கராஜ் நிறைய கார் உள்ளவருக்கே இந்த ஏக்கம் என்றால் இ.எம்.ஐ. கட்டி ஒரே ஒரு கார் வாங்கி விற்றவரை யார் குறை சொல்ல முடியும்? ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன், 1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் தான் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் இருக்குமிடத்தைத் தேடிப் பிடித்து, விலைக்குக் கேட்டு 1977-இல் கடிதம் எழுதினார். வைத்திருந்தவர் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது கமிஷன் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

மறுதரப்புச் சான்றும் வேண்டும். நாட்டின் முதல் மாருதி 800-இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி டெல்லிக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் கடைசிவரை அதை விற்கவில்லை. 2010-இல் அவர் காலமான பிறகு அந்தக் கார் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகுதான் சீர்செய்யப்பட்டு மாருதியின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வந்தது. கார் கெடுவதற்கு விற்பனை காரணமன்று என்பது இதனால் பெறப்படும்.

6. கண்டடைந்த விதி

காரை விற்பதைப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதோடு ஒப்பிடுவது இத்துறையில் பழைய வழக்கம். இவ்வாய்வு அதை மறுக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் நம் வீட்டில் இருந்ததைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பெற்றவர் வேண்டுவார். காரை விற்றவர் வேண்டுவது வேறு: வண்டி ஓட வேண்டும், ஆனால் நாம் வைத்திருந்ததைவிட நன்றாக ஓடக் கூடாது. ஒழுங்காக ஓடினால் ‘ஏமாந்து விற்றுவிட்டோம்’. உருக்குலைந்து நின்றால் ‘படுபாவி, எப்படி வச்சிருக்கான் பாரு’. எந்த விடை வந்தாலும் விசாரித்தவருக்குத் தூக்கம் போவது உறுதி.

7. சட்டப் பின்னிணைப்பும் பரிந்துரையும்

இத்தனை அக்கறையும் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் போவதில்லை. “பார்ம்ல கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றதும் படிவம் 29-லும் 30-லும் எதையும் நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. 2009-இல் விபத்து நடந்தபோது ஓட்டியவர் வேறு, வைத்திருந்தவர் வேறு. ஆர்.சி.யில் முதலில் விற்றவர் பெயரே இருந்ததால், சட்டப்படி அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பானது.

எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று ராத்திரி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் சாக்கில் பழைய நம்பரைத் தட்டும்போது இன்சூரன்ஸ் தேதியையும் எப்.சி. தேதியையும் விடுங்கள், உரிமையாளர் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். அது உங்கள் எழுத்தாக இருந்தால், காரை நீங்கள் இன்னும் விற்கவில்லை. நாளைக் காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறக்கும்போது அங்கே இருங்கள்.