தம்பி, கிரீஸ் எப்போ போட்டே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இவர் இல்லாத தெரு கிடையாது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். ஊரில் உள்ள மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லுவார். தன் வீட்டு ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடும். மிஷின் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது என்பது மனைவி தரும் விளக்கம்.

இப்பேர்ப்பட்டவரைக் கோடை லீவில் பேரன் பேத்திகளோடு தீம் பார்க்குக்கு அனுப்பிவைக்கிறான் மகன்.

மற்றவர்கள் ரைடை அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் குனிந்து பார்ப்பார். கம்பி வேலிக்குக் கீழே தலையை விட்டு, அடித்தளத்து போல்ட், வெல்டிங், கியர் பாக்ஸ் ஆயில் கசிவு எல்லாவற்றையும் பார்த்து முடித்துத்தான் நிமிர்வார். பிறகு வாயில் விசிலோடு நிற்கும் ஆபரேட்டர் பையனிடம் போவார்.

"தம்பி, கிரீஸ் எப்போ போட்டே?"

"அதெல்லாம் இன்ஜினியர் பார்த்துப்பாரு சார்."

"இன்ஜினியர் எங்கே?"

"சாப்பிடப் போயிருக்காரு."

"அப்போ மிஷினுக்குச் சாப்பாடு?"

இதற்குள் பின்னால் க்யூ கேட்டைத் தாண்டிப் போயிருக்கும். பேத்தி தலையில் அடித்துக்கொள்வாள். பையன் விசிலை ஊதிவிடுவான். வேறென்ன செய்வான் பாவம்.

ஊருக்கு ஊர் இவரில் தினுசு உண்டு. ஆவடிக்காரர் கனரக வாகனத் தொழிற்சாலை ஆள். 1961-இல் வந்த தொழிற்சாலை. டி-72, அர்ஜுன் டாங்கிகள் தயாரான இடம். "நாற்பது டன்னுக்கு மேல இருக்கிறதையே ஓட விட்டவன் நான், இந்த டோரா டோரா ரைடு எம்மாத்திரம்?" என்று எகத்தாளமாக ஏறுவார், வாந்தியோடு இறங்குவார். அம்பத்தூர்க்காரருக்கு எதுவும் மைக்ரான் கணக்குதான். கொலம்பஸ் கப்பல் ஆடும்போது ஷாஃப்டில் எவ்வளவு பிளே இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பூந்தமல்லிக்காரருக்கு மிஷின் பற்றிக் கவலையே இல்லை. உயரத்துக்குப் போனதும் செம்பரம்பாக்கம் ஏரி தெரியும் திசையைத் தேடுவார். "இருபத்திரண்டு அடி இருக்கும். இன்னும் ரெண்டு அடிதான், ஷட்டரைத் திறந்துடுவான்" என்று அங்கிருந்தே வெள்ள அபாய எச்சரிக்கை விடுப்பார். 2015 டிசம்பரைப் பார்த்தவர், குற்றம் சொல்ல முடியாது. எச்சரிக்கை முடிந்ததும் கீழே தெரியும் காலி மனைகளுக்கு கிரவுண்டு விலை போடுவார்.

எந்த ஊர்க்காரரானாலும் இவரிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் பார்க்கில் 2019 ஜூனில் ஃப்ரீ ஃபால் டவரின் கேபிள் அறுந்து, உட்கார்ந்திருந்தவர்களோடு ரைடு ஆட்டம் கண்ட வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியதே, அதை இன்றும் டெலீட் செய்யாமல் வைத்திருப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஓட்டிக் காட்டி, "இங்க பாரு, இங்க... ரோப்பைப் பாரு" என்று நிறுத்தி நிறுத்தி விளக்குவார். ஈவிபி பார்க் மூடி, அந்த இடம் ஃபிலிம் சிட்டியாகி, பிக் பாஸ் வீடு வந்ததைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு: "ஏறினவன் இறங்க முடியாம மாட்டிக்கிறதுக்குப் பேருதானே ரைடு? இப்பவும் அங்க ரைடுதான் ஓடுது. நூறு நாள் ரவுண்டு."

கிஷ்கிந்தா பார்க் பேச்சு வந்தால் மட்டும் கிண்டல் நின்றுவிடும். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் புது ரைடைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது, அதில் ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்துபோனார், பலருக்குக் காயம். "ட்ரையலுக்கு மணல் மூட்டைடா ஏத்தணும். ஆளையா ஏத்துவாங்க?" என்பார். கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. பாதியில் நிற்கிற ரைடுக்குப் பயப்படாதே; நிற்காத ரைடுக்குப் பயப்படு. 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் விஜிபி பார்க் ரைடில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தரத்தில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் ராட்சத ஏணி வண்டி கொண்டுவந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். டிவியில் ஊரே அலறிக்கொண்டிருந்தபோது இவர் காலாட்டிக்கொண்டு டீ குடித்தார். "நின்னுச்சா? அப்படியே நின்னுச்சா? நல்ல மிஷின்" என்றார். மனைவி, "ஏங்க, மேல குழந்தைங்க அழுவுதுங்க" என்றதற்கு, "அழுவுற அளவுக்குப் பத்திரமா இருக்குதுங்க" என்று பதில் வந்தது.

இதில் விஷயம் இல்லாமல் இல்லை. ரோலர் கோஸ்டர் மேட்டில் ஏறும்போது டக் டக் டக்கென்று ஒரு சத்தம் வருமே, சங்கிலி அறுந்துவிடும் போலிருக்கிறது என்று நாம் குலதெய்வத்தைக் கூப்பிடும் இடம், அது வண்டி பின்னால் உருளாமல் பல்லில் பல்லாக மாட்டிக்கொள்ளும் சத்தம். அது வரவில்லை என்றால்தான் சாமியைக் கூப்பிட வேண்டும். உச்சியிலிருந்து தொப்பென்று விழும் டவர் பலவற்றில் நிரந்தரக் காந்தம்தான் பிரேக். கரன்ட் போனாலும் காந்தம் போகாது. கோஸ்டரில் முன் வண்டி தன் பகுதியைத் தாண்டிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின் வண்டி நகரும். சந்தேகம் வந்தால் எல்லாம் நிற்கும். நம் நாட்டிலும் 2004-லேயே ஐ.எஸ். 15475 என்று ரைடுகளுக்குத் தனி விதிமுறை எழுதியாகிவிட்டது. அந்த எண்ணை இவர் தன் பி.எஃப். நம்பரைப் போல மனப்பாடமாகச் சொல்லுவார்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பார்க்கை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கதையை எஸ்டேட்டில் நடந்ததுபோலச் சொல்லுவார். 2015 ஜூன் 2-ஆம் தேதி, ஸ்மைலர் என்ற கோஸ்டரில் காலி வண்டி ஒன்று தண்டவாளத்தில் நின்றுவிட்டது. பின்னால் பதினாறு பேரோடு வந்த வண்டியை மிஷின் தானாகவே நிறுத்தியது. இன்ஜினியர்கள் அந்தக் காலி வண்டியைக் கவனிக்கவில்லை. சென்சார்தான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, அதை மீறி ஓட விட்டார்கள். மோதியதில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். மறு வருஷம் நிர்வாகத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம்.

"மிஷின் நில்லுன்னு சொல்லுச்சு. மனுஷன் பைபாஸ் பண்ணான்" என்று முடிப்பார். பைபாஸ் என்று சொல்லும்போது அவர் குரல் மாறுவதற்குக் காரணம் உண்டு. பவர் பிரஸ்ஸில் கையை உள்ளே வைத்தால் மிஷினை நிறுத்தும் சென்சாரை, புரொடக்‌ஷன் குறைகிறது என்று பைபாஸ் பண்ணி ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர்களை அவர் அறிவார். விரல் போனவர்களையும் அறிவார். அவர்களில் ஒருவர் மாலையில் இவரோடு டீக்கடைக்கு வருபவர். கிளாஸைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிடிப்பார்.

இந்த மனிதரின் வாழ்க்கையில் பொற்காலம் ஒன்று வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு பொருட்காட்சி மைதானத்தில் ஜெயண்ட் வீலில் உட்கார்ந்திருக்கும்போது ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சுற்றிலும் ஒரே கூச்சல். ஒரு செருப்பு, ஒரு டெல்லி அப்பளம், யாரோ ஒருத்தர் மூக்குக்கண்ணாடி எல்லாம் கீழே போயின. ஒரு அம்மா அந்தரத்திலிருந்தே வீட்டுக்கு போன் போட்டு, பால் பாக்கெட் வாங்கிவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மாள் மட்டும் தொட்டிலின் கம்பியைப் பிடித்தபடி முழங்கினார்: "யாரும் எழுந்திருக்காதீங்க! பாரைத் திறக்காதீங்க! தம்பி, பிரேக்கை மெதுவா ரிலீஸ் பண்ணு. வெயிட்டு இருக்கிற பக்கம் தானா இறங்கும்!"

பையன் அப்படியே செய்தான். சொன்னபடியே இறங்கியது. கனமான தொட்டில் கீழே வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பிறகு அடுத்தது. கூட்டம் கை தட்டியது. ஒவ்வொரு தொட்டிலாகக் காலியாகிக் கடைசியில் மிச்சமிருந்தது இவரும் பேத்தியும். அவர்கள் நின்றது சரியாக உச்சியில். எந்தப் பக்கமும் சாயாமல் வீல் அப்படியே நின்றுவிட்டது.

"தாத்தா, ஏன் இறங்கல?"

"டாப் டெட் சென்டர்ல நிக்குதும்மா."

"அப்படின்னா?"

அவர் எட்டிப் பார்த்தார். கீழே பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு வாய்ப்பு ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

"பேரிங் டைட்டா இருக்கு! லேசா இருந்தா இந்நேரம் தானா இறங்கியிருக்கும்! தம்பி, கிரீஸ் எப்போ போட்டே?"

ஜெனரேட்டரைச் சரிபண்ணி அவரை இறக்கினார்கள். பிரேக்டவுனை முடித்துவிட்டு கேன்டீனுக்கு வரும் ஆளின் நடை நடந்து வெளியே வந்தார். பையன் காலில் விழாத குறை. கிரீஸ் போட்ட தேதியை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

இந்த லீவில் நீங்கள் ஏறும் ரைடில் பக்கத்து சீட்டில் இவர் வந்து உட்காரலாம். ஏறுவதற்குள் பாதி உயிரை எடுத்துவிடுவார், ஓடும்போது மீதியை எடுப்பார். ஆனால் ரைடு நடுவில் நின்றால் பாரைத் திறக்காதே, எழுந்திருக்காதே, கீழேயிருந்து ஆள் வரட்டும் என்பார். மற்ற எதைக் கேட்காவிட்டாலும் அதை மட்டும் கேட்டுத் தொலையுங்கள்.