பத்தாயிரம் அடி இல்லறம்

நாள்தோறும் 10,000 அடி நடப்பதே நலவாழ்வின் அளவுகோல் என்னும் நம்பிக்கை, மருத்துவ நூல்களைவிட, 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’, என்ற கருவியின் பெயராலேயே பெரிதும் பரவியது. அவ்வெண் சென்னை மெரினாவை அடைந்தபோது இல்லறமும் கணக்குக்குள் வந்தது. விடியற்காலையில் கணவர் முன்னும் மனைவி பின்னுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராது தத்தம் மணிக்கட்டையே பார்த்து நடக்கும் இணையரிடையே, ‘எவ்வளவு ஆச்சு?’ என்பதே அன்புமொழியாகக் கொள்ளத்தக்கது. எரித்த கலோரியை அருகம்புல் சாற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் மயிலாப்பூர் வரை சென்று நெய் ரோஸ்ட்டால் ஈடுசெய்வதும் இச்சடங்கின் உறுப்பே. மாலையில் அதே மணலில், கரையேற்றிய படகின் மறைவில் அமரும் காதலர்களோ, சுண்டல்காரர் மூன்றாம் முறை வந்து நின்றாலும் ஓரடியும் நகர்வதில்லை. கருவியின் கணக்கில் அவர்கள் நோயாளிகள். சுண்டல்காரர், மானி எதுவுமின்றியே, இருட்டுவதற்குள் அந்த இலக்கைத் தாண்டிவிடக்கூடும்; ஆனால் அவரிடம் விசாரிக்கப்படுவது, மாங்காய் போட்டிருக்கிறதா என்பது மட்டுமே.