டிசம்பர் அப்பா

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சரி, டிசம்பர் அப்பா அதை 2015 வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். பால் விலை ஏறிவிட்டது என்று நீங்கள் அலுத்துக்கொண்டால், "ஒரு பாக்கெட் நூறு ரூபா வித்துதே, அந்த வாரம்தான் பாப்பாவுக்கு நாலாவது பல்லு மொளைச்சுது" என்பார். விமான டிக்கெட் என்று வாயெடுத்தால், "ஏர்போர்ட்டையே மூடி வச்சிருந்தாங்களே, அப்பத்தான் பெரியவன் ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணப் பழகினான்" என்பார். 1878-இல் தொடங்கிய நாளிதழ் ஒன்று முதல்முறையாக அச்சாகாமல் போனது 2015 டிசம்பர் 2-ஆம் தேதி. அவருக்கு அந்தத் தேதி, பாப்பா 'த்தா' என்று சொன்ன நாள். தாத்தாவைச் சொன்னாளா, தண்ணீரைச் சொன்னாளா என்பதில் மட்டும் குடும்பத்துக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இந்த ரகத்தினர் சென்னையில் எல்லாத் தெருக்களிலும் உண்டு. முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள். பொதுவாகத் தரைத்தளத்தில், கேட்டை ஒட்டிய வீட்டில், நீலப் பெயின்ட் அடித்த கதவுக்குப் பின்னால் குடியிருப்பார்கள். வெள்ளத்தின்போது மாடிவீட்டில் வந்து தங்கியிருப்பார்கள். மாடிவீட்டு அம்மாளைப் பொதுவாக 'அக்கா' என்று கூப்பிடுவார்கள்.

மற்றவர்களுக்கும் அந்த டிசம்பர் மறக்கவில்லைதான். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதைச் சொல்வார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது சரியா, முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டாமா என்று டீக்கடையில் இன்னும் சண்டை போடுவார்கள். நம்மவருக்கு ஏரியும் மதகும் எல்லாம் பின்பாட்டு. ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதத்தில் தன் பிள்ளைகள் இரண்டும் கிடுகிடுவென வளர்ந்தன என்பதுதான் அவருக்குச் செய்தி.

இதில் வசதி என்னவென்றால், சாட்சியம் கிடையாது. அந்த வாரம் எவர் கையிலிருந்த போனிலும் சார்ஜ் இல்லை. ஒரு போட்டோ, ஒரு வீடியோ எடுக்க வழியில்லை. ஆகவே பாப்பாவின் முதல் நடை முழுக்க முழுக்க அவர் வாய்மொழியை நம்பியே இருக்கிறது. அந்த நடை நடந்ததோ எங்கள் வீட்டு ஹாலில். நான் பார்த்தேன். அதனால்தான் இத்தனை எரிச்சல்.

நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு மாதக் குழந்தை, ஓடாத பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. கையை விட்டது. இரண்டு அடி வைத்தது. காயப்போட இடமில்லாமல் தரையில் விரித்திருந்த ஈரத் துண்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோரும் கைதட்டினோம். அழகான காட்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீர் அன்று எங்கள் மாடிப்படியின் நாலாவது படியில் நின்றது. இரண்டு தரம் வெள்ளையடித்தும் அந்தக் கறை போகவில்லை. இன்றைக்கும் வந்து பார்க்கலாம்.

2016-இல், வர்தா புயல் முடிந்து மரங்களை வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தவர்களிடம் அவர் சொன்னது: "இடுப்பளவு தண்ணி. பாப்பா ரெண்டு அடி எடுத்து வச்சா." சரி, உள்ளதைத்தான் சொன்னார். இரண்டு வருஷம் கழித்துத் தண்ணீர் நெஞ்சளவு ஆனது, பாப்பாவின் அடிகள் நாலு ஆயின. 2020 ஊரடங்கில் பால்கனிக்குப் பால்கனி பேசிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது; பாப்பா பிரிட்ஜிலிருந்து சோபா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்து நிஜமாகவே மறுபடி தண்ணீர் தேங்கி நின்ற சமயத்தில், பழைய வெள்ளம் ஒன்பதாவது படிக்கு ஏறிவிட்டது. பாப்பா ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, பால்கனிக்குப் போய், சாப்பாட்டுப் பொட்டலம் போட வந்த ஹெலிகாப்டருக்கு டாட்டா காட்டினாள்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் அன்றைக்கு இரண்டு குடும்பம், அவர்கள் வீட்டுக் கட்டில் மெத்தை, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, தையல் மிஷின். பெரியவர்களே ஒருக்களித்துத்தான் நடந்தோம். குழந்தை எந்த வழியாகச் சுற்றிவந்தது?

கேட்க முடியாது. ஏனென்றால் கதையின் உச்சத்தில் அவர் என் பக்கம் திரும்பி, "அக்காவையே கேளுங்க, அவங்க வீட்லதான் நடந்தா" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷமாக அந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். கோயில் மாடு கூட மேளச் சத்தம் கேட்டால்தான் ஆட்டும்.

பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்து வைத்திருக்கிறார்கள். தளர்நடை போட்டு வா வா என்று அழைக்கும் வருகைப் பருவத்துக்குப் பத்துப் பாட்டு. புலவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, குழந்தை 8 மாதத்துக்கு மேல், 18 மாதத்துக்குள் எப்போது தனியாக நடந்தாலும் இயல்புதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இவருக்கு இரண்டு தரப்பும் ஒத்துவராது.

பெரியவன் கதை அவ்வளவு ஏறுவதில்லை. பாவம், அவன் ஏற்கெனவே நடக்கத் தெரிந்தவனாக வெள்ளத்துக்குள் வந்துவிட்டான். நாலு வயது. ஆனால் என்னைக் கேட்டால் அந்த மாதம் உண்மையில் வளர்ந்தவன் அவன்தான். கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறக்கிற பிள்ளை, கரண்ட் இல்லாத வீட்டில் தானே கையால் பிசைந்து சாப்பிட்டான். ஹெலிகாப்டரைப் பார்த்து எண்ணக் கற்றான். 'நிவாரணம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட் வேண்டுமானாலும் நிவாரணம், இடுப்பில் தூக்க வேண்டுமானாலும் நிவாரணம் என்றான். பொட்டலங்களின் மேல் ஒட்டியிருந்த முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கரைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அவன் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் முழுசாக உரிக்கப் பழகி, அதை எங்கள் டிவி மேல் ஒட்டிவைத்தான். இதில் ஒரு வரியைக்கூட அவன் அப்பா இதுவரை சொன்னதில்லை. எண்ணியதை மட்டும்தான் சொல்வார், அதுவும் ஏர்போர்ட் பேச்சு வந்தால்.

அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன், உனக்கு அந்த மாதத்தில் என்ன நினைவிருக்கிறது என்று. யோசிக்கவே இல்லை. "துணி காயலக்கா" என்றாள். "டயபர் ரெண்டாம் நாளே தீர்ந்துபோச்சு. உங்க பழைய வேட்டியைக் கிழிச்சுத்தானே கட்டினேன். வெந்நி போட்ட பாத்திரத்தை எறக்கவே இல்ல. அப்புறம் அந்த சேறு." பாப்பா நடந்தது? "நான் எங்கக்கா பார்த்தேன்? ரேஷன் கார்டும் தடுப்பூசி அட்டையும் பீரோ மேல் தட்டுல இருக்குன்னு கீழ போயிருந்தேன். மேல வரும்போது நீங்கள்லாம் கைதட்டிட்டு இருந்தீங்க."

குழந்தையின் வளர்ச்சி பற்றி எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தடுப்பூசி அட்டை. எடை, தேதி, மருத்துவரின் கிறுக்கல் எல்லாம் அதில்தான். அதை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தவளுக்கு முதல் நடை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மேலே மெத்தையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தது. அதைத்தான் அவர் வருஷத்துக்கு வருஷம் பெருக்கிக்கொண்டிருக்கிறார். அட்டை எங்கே இருந்தது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதையை அவர் எடுக்கும்போது நாங்கள் எல்லோரும் செருப்பைத் தேட, அவள் ஒருத்தி மட்டும் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். எத்தனையாவது தடவையோ, முதல் தடவை போல நின்று கேட்பாள். பாப்பா சோபாவைத் தொடும் இடத்தில் சிரிப்பாள். சோபா கப்சா என்று அவளுக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு இப்போது கதை சலித்துவிட்டது. "அப்பா, அடுத்த வருஷம் நான் ஓடிடுவேனா?" என்று போன மாதம் கேட்டாள். அவர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்.

சமீபத்தில் குடியிருப்போர் கூட்டம். பொருள்: மழைக்காலத்துக்கு முன்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாங்குவது. தெருவில் மழைநீர் வடிகால் வெட்டினார்கள். தெருமுனையில் அது எதனோடும் சேராமல் நிற்கிறது. மழை வந்தால் மறுபடி தரைத்தளம்தான். செயலாளர் விஷயத்தை எடுத்தார். டிசம்பர் அப்பா எழுந்தார். "தண்ணின்னா என்னன்னு என்னைக் கேளுங்க. 2015. ஒன்பதாவது படி. எம் பொண்ணு அப்ப…"

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி சொன்னாள்: "நாலாவது படிங்க. மோட்டாருக்கு வீட்டுக்கு எவ்வளவு, அதைப் பேசுங்க."

வீட்டுக்கு இரண்டாயிரம் என்று முடிவானது. எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டார்கள், நீலக் கதவைத் தவிர. பொருளாளர் நான்தான். போய்க் கேட்டால் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, "அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பிக்கிறார்.