பாக்கி வையி மக்கா

லேய் மக்கா, ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் 4,000 கிலோமீட்டர் பக்கம் ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்திருக்கியோ. நாக்பூரு, ஹைதராபாத்து, மதுரைன்னு 44-ம் நம்பர் ரோட்டை முழுக்க அளந்தாச்சு. கடைசில நம்ம இராஜாக்கமங்கலம் முக்குல இறங்கி நிக்கும்போ ஒருத்தன் கிழக்க பாக்கான், ஒருத்தன் மேக்க பாக்கான். காரியம் என்னன்னு கேட்டா டீசல் காசாம், பாஸ்டேக்குல போன டோல் காசாம்!

காசெல்லாம் சும்ம ஒரு சாக்கு, கேட்டியா. கூட்டாளி குறட்டை விடுகதும், கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகதும் மொதல் நாளு தமாசு. பத்தாம் நாளு அதே கொலைக்குத்தம். நம்பல்லேன்னா கலியாணம் கட்டினவன் எவன்கிட்டயாவது தனியாக் கூப்பிட்டுக் கேளு.

சாமியாருக்கே தனியாப் போகணும்னு தோணியிருக்குலே. நம்ம கடல்பாறையில 1970-ல மண்டபம் கெட்டினாவளே, அந்த விவேகானந்தரு, கூட்டாளி அகண்டானந்தரோட இமயமலைப் பக்கம் சுத்தினவரு. 1891 தொடக்கத்துல மீரட்டுல வெச்சு, இனி நான் தனியாப் போறேன்னு புறப்பட்டுட்டாரு. கூட்டாளி சாமியாருமாரு டெல்லில போய்ப் பிடிச்சாவ, அங்கேயும் கழண்டாரு. அகண்டானந்தரு விட்டாரா? ராஜஸ்தான், குஜராத்துன்னு தேடி, கட்ச் மாண்டவியில போய் ஆளைப் பிடிச்சாரு. பின்னயும் பிரிஞ்சாச்சு. 1892 டிசம்பர்ல சாமி குமரிக்கு வரும்போ அவரு கூட இல்ல. அதுக்காகப் பகையா? அகண்டானந்தரு பின்னால ராமகிருஷ்ண மடத்துக்கே தலைவரானாரு. துறவிக்கு டீசல் கணக்கு கிடையாது பாத்தியா, பிரியும்போ பங்கு வைக்க ஒண்ணுமில்ல.

நீங்க துறவி இல்ல. அதனால கிழவன் சொல்லுகதைக் கேளு. அடுத்த மட்டம் கணக்கெல்லாம் காவல்கிணறு வருகதுக்கு முன்னயே பேசி முடி. அங்கன நேரே போனா குமரி, வலத்த திரும்பினா ஆரல்வாய்மொழி வழி நாகர்கோயில். ரோடே ரெண்டாப் பிரியுத எடத்துல வாயைத் தொறக்காத. இப்பம் உனக்க கூட்டாளி மெட்ராஸ்காரனைக் கோட்டாறு ஸ்டேசன்ல ரயில் ஏத்தும்போ கையில ஒரு சீப்பு மட்டிப்பழம் குடு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழமாக்கும். எவ்வளவு கோவம் இருந்தாலும் அந்த மணத்துக்கு ராத்திரி ஒண்ணு உரிச்சுத் தின்னுருவான்.

முக்கியமான காரியம் இதுதான். எல்லாத்தையும் பைசா பாக்கி இல்லாம தீத்துராத. அவன்கிட்ட ஒரு நூறு ரூவா கடன் வையி. கடன் குடுத்தவனை நீ மறக்கலாம். கடன் வாங்கினவனை எவனாவது மறந்திருக்கானா? பொங்கலுக்கு ஒரு போன், சித்திரைக்கு ஒரு போன், தன்னால வரும்.

ஆனா மக்கா, முக்குல குடிச்ச சாயாவுக்கு மட்டும் காசை வெச்சிட்டுப் போங்க. கடைக்காரன் எனக்க மருமவன்.