யோசனை யாருடையது, ஓட்டு யாருக்கு?

தன் சீர்திருத்தத் திட்டங்களை எதிரணிக்கும் தெரியும்படி முன்கூட்டியே அறிவிக்கும் வேட்பாளர் புத்திசாலியா, ஏமாளியா?
– வாசகர், வில்லரே, மொன்றியல்

பியர் பொலியேவைக் கேளுங்கள்! கனடாவின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, எரிபொருள் கார்பன் வரியை ஒழிப்பேன் என்று ஊர் ஊராக முழங்கினார். 2025 மார்ச் 14-இல் பிரதமரான லிபரல் கட்சியின் மார்க் கார்னி, முதல் நாளே அதற்கு முடிவுகட்டிக் கையெழுத்திட்டார். ஏப்ரல் தேர்தலில் பொலியேவ் சொந்தத் தொகுதியையே இழந்தார். கோஷம் ஜெயித்தது, கோஷம் போட்டவர் தோற்றார்.

அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லதா?

திறக்கலாம். யாரும் திருடாத வாக்குறுதியும் உண்டே! உங்கள் வில்லரே அடங்கிய பப்பினோ தொகுதியின் எம்.பி.யாக இருந்த முன்னாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் பழைய வாக்குமுறையில் நடக்கும் கடைசித் தேர்தல் 2015-தான் என்றார். 2017-இல் அந்த வாக்குறுதியை அவரே கைவிட்டார். 2025-இலும் நீங்கள் அதே முறையில்தான் ஓட்டுப் போட்டீர்கள்.

தமிழ்நாட்டில்?

இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று 2020-இல் மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் சொன்னார். 2021 தேர்தலில் திமுக மாதம் 1,000 ரூபாய் என்றது, அதிமுக 1,500 ரூபாய் என்றது. கமல் கோவை தெற்கில் தோற்றார். ஆனால் வென்ற திமுகவின் ஆட்சியில் 2023 செப்டம்பரில் மகளிர் கணக்கில் பணம் ஏறத் தொடங்கியது. யோசனைக்குக் காப்புரிமை இல்லாததில் லாபம் வாக்காளருக்குத்தான்.