இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும்

கேள்வி: ஓர் இணையதளம் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மன் மொழியிலேயே தனித்தனிப் பக்கங்களை வைத்திருந்தால், யாருக்கு எதைக் காட்டுவது என்று கூகுள் எவ்வாறு அறியும்?

பதில்: மொழி ஒன்றே ஆனாலும் விலை ஒன்றில் யூரோவிலும் மற்றதில் பிராங்கிலும் இருக்கும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு உரியது என்று அறிவிக்கும் ‘எச்ரெஃப்லாங்’ என்னும் நிரல்குறிப்பைக் கூகுள் 2011இல் அறிமுகப்படுத்தியது. இரு வீட்டாரும் சம்மதித்தால்தான் சம்பந்தம் என்பதுபோல, இரு பக்கங்களும் ஒன்றையொன்று சுட்டினால்தான் அக்குறிப்பு ஏற்கப்படும். பட்டியலிலுள்ள எம்மொழியும் பொருந்தாத வாசகருக்கு, 2013இல் வந்த ‘எக்ஸ்-டிஃபால்ட்’ என்னும் பொதுக்குறி வழிகாட்டுகிறது. எனினும், பக்கத்தின் மொழியை அதன் உரையைக் கொண்டே கூகுள் கணிப்பதால், தலைப்பை மட்டும் மொழிபெயர்த்து உள்ளே பழைய மொழியையே வைத்திருக்கும் தளத்தை எந்தக் குறியும் காப்பாற்றாது.